ஒன்றரை நாளில் பாதி

என் மடிக்கணினியில் ஒரு வரைபடம் இருக்கிறது. எட்டிப் பார்ப்பவர்கள் பங்குச்சந்தையா என்று கேட்பார்கள். இடது மேல் மூலையில் தொடங்கி வலது கீழ் மூலைக்குச் சறுக்கி விழும் சில புள்ளிகள், அவ்வளவுதான். கீழே தேதி, பக்கவாட்டில் வெளிச்சம். 2018 டிசம்பர் நடுவில் தொடங்கும் புள்ளிகள் இரண்டு வாரத்துக்குள் ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் ஆகிவிடுகின்றன. வானியல் பட்டியலில் அதற்கு ஏடி2018கேஇசட்ஆர் என்று பெயர். பெயர் மாதிரியே இல்லாத பெயர். 70 கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால் ஒரு வெண்குறுமீனும், அதைவிடப் பலமடங்கு அடர்த்தியான இன்னொன்றும் ஒன்றாகிப்போனதன் வெளிச்சம் அது. அந்த இன்னொன்று நியூட்ரான் நட்சத்திரமாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். கருந்துளையாக இருக்கவும் வழியுண்டு.

எங்கள் மாவட்டத்தில் யாரிடமும் 2018 டிசம்பர் என்று சொல்லிப் பாருங்கள், வானம் ஞாபகத்துக்கு வராது. கஜாதான் வரும். நவம்பர் 16 விடியலுக்கு முன் வேதாரண்யம் பக்கம் கரையேறிய புயல், பட்டுக்கோட்டை, பேராவூரணி வழியாக எங்கள் பக்கம் வந்து, ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு, கறம்பக்குடி என்று ஒரு ஊரையும் விடாமல் மிதித்துவிட்டுப் போனது. கடலோரப் புயல் புதுக்கோட்டை வரைக்கும் வருமா என்று அதற்கு முன் யாரும் யோசித்ததே இல்லை. எங்கள் தோப்பில் இருந்தவை 162 தென்னை. நின்றவை 9. பலா மரங்கள் வேரோடு படுத்துக் கிடந்தன, யாரோ பிடுங்கி அடுக்கி வைத்ததுபோல எல்லாமே ஒரே திசையில்.

நான் அப்போது பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் வருடம். ஊருக்குள் படிப்படியாகக் கரண்ட் வந்துவிட்டது. நாங்கள் இருந்தது தோட்டத்து வீட்டில். எங்களுக்குப் போகிற லைனில் மட்டும் 11 கம்பம் சாய்ந்திருந்தது. வெளிமாவட்டங்களில் இருந்தெல்லாம் மின்வாரிய ஆட்கள் வந்து, மழையில் சேற்றில் நின்று கம்பம் நட்டார்கள். அவர்களுக்கு எங்கள் ஊரில் சோறு போடாத வீடு கிடையாது. ஆனாலும் முறை வைத்துத்தானே வர முடியும். எங்கள் வீட்டில் பல்பு எரிய 32 நாள் ஆனது.

அந்த 32 நாளும் அப்பா அதிகம் பேசவில்லை. பகலில் விழுந்த மரத்தை அறுக்க ஆள் தேடி அலைவார். ராத்திரி கயிற்றுக் கட்டிலைக் களத்தில் போட்டுக்கொண்டு மல்லாந்து கிடப்பார். தென்னை இருந்தவரைக்கும் எங்கள் வீட்டுக்கு வானம் என்பது மட்டைகளுக்கு நடுவே தெரிகிற நாலைந்து துண்டுகள்தான். இப்போது மறைக்க ஒன்றும் இல்லை. கீழே ஒரு விளக்கும் இல்லை. மேகம் விலகிய இரவுகளில் அது கிட்டத்தட்ட அநியாயம் என்று தோன்றுகிற அளவுக்கு இருந்தது. டிசம்பர் 13, 14 வாக்கில் மிதுன ராசிப் பக்கமிருந்து எரிகற்கள் வருமென்று கல்லூரியில் சொல்லியிருந்தார்கள். நிலா நடுராத்திரியில் இறங்கிய பிறகு நானும் அப்பாவும் எண்ணினோம். முப்பதுக்கு மேல் விட்டுவிட்டோம்.

"எல்லாம் அங்கேர்ந்துதான் விழுதா?" என்றார் அப்பா.

"இது சும்மா தூசிப்பா. விர்ட்டானன்னு ஒரு வால்நட்சத்திரமும் இப்ப பக்கத்துல வருது. 16ஆம் தேதி ரொம்ப கிட்ட."

"கிட்டன்னா?"

"ஒரு கோடியே 16 லட்சம் கிலோமீட்டர்."

அவர் சிரித்தார். புயலுக்குப் பிறகு அவர் சிரித்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

அந்த வாரம் கார்த்திகைக் கூட்டத்துக்கும் ரோகிணிக்கும் நடுவே அந்த வால்நட்சத்திரம் மங்கலாக நின்றுகொண்டிருந்த அதே நாட்களில்தான், கலிபோர்னியாவில் பாலோமர் மலைமேல் இருக்கும் ஸ்விக்கி தொலைநோக்கி ஏடி2018கேஇசட்ஆரைப் பிடித்தது. ஸ்ரீனிவாஸ் குல்கர்னி முன்னின்று அமைத்த திட்டம் அது. வேலை எளிமையானது: வானத்தைப் படம் எடு, நேற்றைய படத்தோடு ஒப்பிடு, புதிதாக ஏதாவது இருந்தால் சொல். இப்படிப் புதிதாக வந்து கொஞ்ச நாளில் போய்விடுகிறவற்றை வானியலில் டிரான்சியன்ட் என்பார்கள். தமிழில் இதற்குப் பாடப்புத்தகச் சொல் ஏதாவது இருக்கலாம். எங்கள் வீட்டில் அது 'வந்துபோறது'. சூப்பர்நோவாவும் வந்துபோறதுதான். ஆனால் அது பல வாரம் நின்று விளையாடும். இது அப்படியில்லை. நாளுக்கு அரை மேக்னிட்யூடுக்குச் சற்றுக் குறைவாக இறங்கியது. கணக்குப் போட்டால் ஒன்றரை நாளுக்கு ஒருமுறை வெளிச்சம் பாதியாகிறது. அன்றுவரை மனிதர் கண்டவற்றில் இதைவிட வேகமாக மங்கிய அந்த மாதிரி வெடிப்பு ஒன்றே ஒன்றுதான். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் இந்த இரண்டு பேரையும் அறிமுகப்படுத்தவேண்டும். இருவருமே செத்த நட்சத்திரங்கள். சூரியனைப் போன்ற ஒரு நட்சத்திரம் எரிபொருள் தீர்ந்து, மேல்சட்டையை எல்லாம் கழற்றி எறிந்துவிட்டு, உள்ளே மிச்சமிருக்கும் கங்காகச் சுருங்கினால் அது வெண்குறுமீன். சூரியனின் எடை, பூமியின் அளவு. அது தாங்கக்கூடிய எடைக்கு ஓர் எல்லை உண்டு, சூரியனைப் போல ஏறக்குறைய 1.4 மடங்கு. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டு 1930இல் கப்பலேறிய 19 வயதுச் சந்திரசேகர் பயணத்தின்போதே அந்தக் கணக்கைப் போட்டார் என்ற கதையை இங்கே யாருக்கும் நான் சொல்லத் தேவையில்லை. அந்த எல்லையைத் தாண்டிப் பெரிய நட்சத்திரத்தின் உள்மையம் நொறுங்கும்போது கிடைப்பது நியூட்ரான் நட்சத்திரம். சூரியனைவிடக் கூடுதலான எடை, இருபது சொச்சம் கிலோமீட்டர் குறுக்களவுக்குள். புதுக்கோட்டையில் பஸ் ஏறி ஆலங்குடியில் இறங்குகிற தூரம்.

இந்த ஆலங்குடி அளவுப் பொருளும் அந்தப் பூமி அளவுப் பொருளும் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டிருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். சுற்றச் சுற்ற ஈர்ப்பலைகளாக ஆற்றல் கசிகிறது. இடைவெளி குறைகிறது. கோடிக்கணக்கான ஆண்டுகள் ஒன்றுமே நடக்காததுபோல இருக்கும். கடைசியில் ஒரு சுற்றுக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது என்கிற நெருக்கம் வரும்போது, பருத்தவன் தோற்கிறான். வெண்குறுமீன் அளவில் பெரியது, அதனாலேயே இளகியது. சிறியதன் ஈர்ப்பு அதை உரித்து, நாராக்கி, தன்னைச் சுற்றி ஒரு தட்டாக விரித்துவிடுகிறது. மோதல் என்று எழுதுகிறோமே தவிர, முட்டிக்கொள்வது என்ற கட்டம் இதில் கிடையாது. அந்தத் தட்டின் உட்புறம் கொதித்து அணுக்கரு அடுப்பாகிறது. ஆக்சிஜன் மக்னீசியமாகிறது, சிலிக்கானாகிறது, இன்னும் உள்ளே இரும்பு வகையறா வரைக்கும் போகிறது. அதில் ஒரு பங்கு நொடிக்கு 10,000 கிலோமீட்டருக்கும் அதிகமான வேகத்தில் வெளியே வீசப்படுகிறது. நமக்குத் தெரிகிற வெளிச்சம் அந்த வீச்சுதான்.

ஏடி2018கேஇசட்ஆரில் வெளியே வந்தது சூரிய எடையில் பத்தில் ஒரு பங்கு. சாதாரண சூப்பர்நோவாவோடு ஒப்பிட்டால் கைப்பிடிச் சாம்பல். பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஓவன் மெக்பிரையனும் மற்றவர்களும் 2019இல் இதைப் பற்றி முதலில் எழுதினார்கள். அடுத்த ஆண்டு ஜேம்ஸ் கிலாண்டர்ஸ் குழு அதன் நிறமாலையைப் பிரித்துப் பார்த்து, ஆக்சிஜன், மக்னீசியம், சிலிக்கான், இரும்பு என்று அடையாளம் சொன்னது. ஆக்சிஜனும் நியானும் கொண்ட ஒரு வெண்குறுமீன் சிதைந்த கதைதான் இதற்குப் பொருந்துகிறது என்றது. அவர்களிடம் இருந்த நிறமாலைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. இருந்ததே அவ்வளவு நாள்தானே.

இங்கே தங்கத்தைப் பற்றிப் பேசியாக வேண்டும். எங்கள் வீட்டில் எல்லாப் பேச்சும் கடைசியில் அங்கேதான் வரும்.

புயல் நிவாரணம் மரத்துக்கு 1,100 ரூபாய் வந்தது. விழுந்த மரத்தை அறுத்து அப்புறப்படுத்தவே அதில் பாதி போய்விடும். கன்று வாங்க, குழி எடுக்க, சொட்டுநீர்க் குழாய் போட, நான் மூன்றாம் வருடம் முடிக்க, எல்லாவற்றுக்கும் சேர்த்து அம்மா ஒரு வழி செய்தார். பீரோவில் இருந்த 11 பவுனும் வங்கிக்குப் போனது. அப்போது பவுன் 23,000 ரூபாயைச் சுற்றி இருந்தது. அந்த 11 பவுனும் என் கல்யாணத்துக்கு என்று அம்மா சீட்டுக் கட்டிச் சேர்த்தது. வருடா வருடம் வட்டியைக் கட்டித் திருப்பி வைப்போம். நகையை வாங்கிக் கண்ணால் பார்த்துவிட்டு, அதே கவுண்டரில் திரும்பக் கொடுப்பது. அம்மா ஒவ்வொரு முறையும் ஆரத்தைக் கையில் வாங்கி எடை பார்ப்பதுபோல ஒரு நொடி வைத்திருப்பார்.

இந்தத் தங்கம் எங்கிருந்து வந்தது என்பது என் தலைமுறை வானியல் மாணவர்களுக்கு ஒரு பெரிய கதை. 2017 ஆகஸ்ட் 17 அன்று லைகோ, விர்கோ கருவிகள் ஓர் ஈர்ப்பலையைப் பிடித்தன. 1.7 நொடி கழித்து ஒரு காமாக் கதிர்த் தெறிப்பு. 13 கோடி ஒளியாண்டு தூரத்தில் இரண்டு நியூட்ரான் நட்சத்திரங்கள் ஒன்றோடொன்று கலந்திருந்தன. உலகத்தில் இருந்த தொலைநோக்கிகள் எல்லாம் அந்தப் பக்கம் திரும்பின. நான் முன்னே சொன்ன அந்த 'ஒன்றே ஒன்று' இதுதான். ஏடி2018கேஇசட்ஆரைவிட வேகமாக மங்கியது. நியூட்ரான்கள் வெள்ளமாகப் பாயும் அந்த இடத்தில்தான் தங்கம், பிளாட்டினம் போன்ற கனமான தனிமங்கள் பிறக்கின்றன. பூமியின் எடையைப்போலப் பல மடங்கு தங்கம் அந்த ஒரே நிகழ்வில் உருவாகியிருக்கும் என்று கணக்குச் சொன்னது. தங்கத்தை நேராக யாரும் பார்த்துவிடவில்லை, அதையும் சொல்லவேண்டும். கனமான தனிமங்களில் ஸ்ட்ரான்ஷியத்தின் சுவடு அந்த வெளிச்சத்தில் தெரிந்தது என்று 2019இல் ஒரு குழு காட்டியது. ஆனால் எல்லாச் செய்தித்தாளும் தங்கம் என்றுதான் தலைப்பு வைத்தன. ஸ்ட்ரான்ஷியத்துக்கு யார் நகைக்கடை வைக்கப்போகிறார்கள்.

நான் எம்.எஸ்சி.க்குத் திருச்சி போன வருடம் இதை அம்மாவிடம் சொன்னேன். வட்டி கட்டிவிட்டு பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தோம்.

"அப்ப ரெண்டு நச்சத்திரம் செத்து மோதிக்கிட்டதுதான் எந்தாலியா?"

"ஆமாம்மா."

"நல்லா இருக்குடி கதை." கொஞ்ச நேரம் கழித்துக் கைப்பையில் இருந்து ஒரு அட்டையை எடுத்துக் காட்டினார். எலும்பு தேய்ந்திருக்கிறது என்று டாக்டர் எழுதிக்கொடுத்த கால்சியம் மாத்திரை. "தங்கம் அங்கேர்ந்து வந்துச்சு. சரி. இந்த மாத்திர எங்கேர்ந்து வந்துச்சு?"

என் எம்.எஸ்சி. ஆய்வுத் தலைப்பு அந்தப் பேருந்து நிறுத்தத்தில் முடிவானது என்று சொன்னால் என் வழிகாட்டி ஒத்துக்கொள்ளமாட்டார். ஆனாலும் அதுதான் உண்மை.

கால்சியம் சூப்பர்நோவாக்கள் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் உருவாகிறது. ஆனால் சில வெடிப்புகள் இருக்கின்றன, மங்கலானவை, வேகமாக முடிபவை. அவற்றின் நிறமாலையில் மற்றதெல்லாம் அடங்கிப்போய்க் கால்சியம் மட்டும் கத்திக்கொண்டிருக்கும். 2005இல் கண்டுபிடிக்கப்பட்ட எஸ்என் 2005ஈ அப்படிப்பட்டது. இந்தூரில் பிறந்த மான்சி கஸ்லிவால் 2012இல் இவற்றைத் தனி வகையாக வரிசைப்படுத்திக் காட்டினார். சாதாரண புதுமீனுக்கும் சூப்பர்நோவாவுக்கும் நடுவே பிரகாசத்தில் ஒரு காலி இடம் இருந்தது. அந்த இடைவெளியில் இவை உட்கார்ந்திருந்தன.

இவற்றின் வினோதம் இருக்கிற இடத்தில் இருக்கிறது. பெரும்பாலானவை தங்கள் விண்மீன் மண்டலத்தின் நடுவில் வெடிப்பதில்லை. ஊருக்கு வெளியே, எல்லையையும் தாண்டி, நட்சத்திரமே அதிகம் இல்லாத பொட்டலில் வெடிக்கின்றன. ஏன் என்பதற்கு ஒரு யோசனை: நியூட்ரான் நட்சத்திரம் பிறக்கும்போது அந்த வெடிப்பு சமச்சீராக இருக்காது. பிறந்த குழந்தைக்கே ஓர் உதை விழும். ஜோடியாக இருந்தால் ஜோடியோடு சேர்ந்து மண்டலத்தை விட்டே வெளியே எறியப்படலாம். அப்படி ஊரைவிட்டுப் போன நியூட்ரான் நட்சத்திரமும் வெண்குறுமீனும் வெகுதொலைவில், வெகுகாலம் கழித்து, ஒன்றாகும்போது வருவதுதான் இந்தக் கால்சிய வெளிச்சமோ என்று சிலர் கேட்டார்கள். எங்கள் மாவட்டத்தில் வீட்டுக்கு ஒருவர் சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருக்கிறார். என் சித்தப்பா போய் 19 வருடம். எனக்கு அந்த யோசனை உடனே பிடித்துப்போனதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

பிடித்துப்போவது வேறு, சரியாக இருப்பது வேறு. இரண்டு வெண்குறுமீன்கள் சேர்ந்தும் இந்தக் கால்சிய வெளிச்சத்தைத் தரமுடியும், அதிலும் ஹீலியம் ஒட்டிக்கொண்டிருந்தால் நன்றாகவே தரமுடியும் என்று இன்னொரு தரப்பு. இன்றைக்குத் தராசு அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. அம்மாவிடம் நான் சொன்ன பதில் இதுதான்: "ஒரு வெண்குறுமீன் செதஞ்சுதான் உம் மாத்திரைல பாதி வந்திருக்கும்போல. அதோட சேர்ந்து யார் இருந்தாங்கங்கிறதுதான் கேள்வி." அம்மா மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டார்.

எல்லோருக்கும் தங்கக் கதை தெரியும், இது தெரியாது என்பதற்கு ஒரு கருவிக் காரணமும் உண்டு. இரண்டு நியூட்ரான் நட்சத்திரங்கள் கடைசியில் நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை சுற்றும். லைகோவின் காதுக்கு அது நன்றாகக் கேட்கும். வெண்குறுமீன் அவ்வளவு நெருங்குவதற்கு முன்பே கிழிந்துவிடுகிறது. அதன் அலை அவ்வளவு மந்தமானது, தரையில் இருக்கும் எந்தக் கருவிக்கும் கேட்காது. விண்வெளியில் வைப்பதற்காக ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் 2024 ஜனவரியில் ஒப்புதல் கொடுத்த லிசா, 2030களின் நடுவில்தான் போகும். அதுவும்கூட நம் மண்டலத்துக்குள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும் ஜோடிகளைத்தான் கேட்கும். ஆக, இந்த வகை மரணத்துக்கு ஒப்பாரிச் சத்தம் கிடையாது. வெளிச்சம் மட்டும்தான். அதுவும் ஒன்றரை நாளில் பாதி.

அதனால்தான் இடம் முக்கியமாகிறது. கலிபோர்னியாவில் விடிந்துவிட்டால் அங்கே தொலைநோக்கியை மூடவேண்டியதுதான். அடுத்து இருட்டுவது நம் பக்கம். லடாக்கின் ஹான்லேயில் 2018இலிருந்து இயங்கும் குரோத்-இந்தியா தொலைநோக்கியின் விட்டம் 0.7 மீட்டர்தான். ஆனால் வந்துபோவதை விரட்டிப் பிடிக்கவே வைத்தது. நைனிதால் அருகே தேவஸ்தலில் 3.6 மீட்டர் தொலைநோக்கி 2016இலிருந்து இருக்கிறது. நம் ஜவ்வாது மலைக் காவலூரில் 1986இல் வந்த 2.34 மீட்டர் கண்ணாடி இருக்கிறது, ஐப்பசி கார்த்திகை மழையில் அதற்கு வேலை குறைவு.

தேவஸ்தலின் பெயர் ஒரு நல்ல வழக்கில் அடிபட்டது. 2021 டிசம்பர் 11 அன்று ஒரு காமாக் கதிர் வெடிப்பு, ஜிஆர்பி 211211ஏ. 50 நொடிக்கு மேல் நீடித்தது. பாடப்புத்தக விதிப்படி இரண்டு நொடிக்கு மேல் என்றால் அது ஒரு பெரிய நட்சத்திரம் நொறுங்கியது. இரண்டு நொடிக்குள் என்றால் இரண்டு அடர்பொருள்கள் கலந்தது. இதுவோ நீளத்தில் முதல் வகை. ஆனால் அது அடங்கிய பிறகு அந்த இடத்தில் சூப்பர்நோவா வரவில்லை. 2017இல் பார்த்ததுபோல சிவப்பாக மங்குகிற ஒரு கிலோநோவா வந்தது. அந்த வெளிச்சத்தை அளந்தவற்றில் தேவஸ்தலும் ஒன்று. நீளம் ஒன்று சொல்கிறது, பின்விளைவு வேறொன்று சொல்கிறது. நான்ஜிங் பல்கலைக்கழகத்தினர் அங்கே ஒரு வெண்குறுமீனைக் கொண்டுவந்தார்கள்: நியூட்ரான் நட்சத்திரத்தோடு கலந்தது இன்னொரு நியூட்ரான் நட்சத்திரம் அல்ல, கனமான ஒரு வெண்குறுமீன். அது உருவில் பெரியது, கிழிந்து உள்ளே விழ அதிக நேரம் எடுக்கும், அதனால்தான் 50 நொடி. அழகான வாதம். ஆனால் வெண்குறுமீனில் நியூட்ரான் மிகை கிடையாதே, அந்தச் சிவப்பு வெளிச்சத்துக்கான கனமான தனிமங்கள் எங்கிருந்து வரும் என்று எதிர்த்தரப்பு கேட்கிறது. மிச்சமாகும் காந்த நட்சத்திரம்தான் ஒளியூட்டியது என்று இவர்கள் பதில் சொல்கிறார்கள். 2023 மார்ச் 7இல் இன்னொன்று இதேபோல வந்து, ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி அதில் டெல்லூரியத்தின் சுவடு கண்டது. வழக்கு நடக்கிறது. நான் யார் பக்கம் என்று கேட்டால், ஏடி2018கேஇசட்ஆரில் வெண்குறுமீன் இருந்தது என்று நம்புகிறேன். 211211ஏவில் இன்னும் நம்பவில்லை.

2023இல் எங்கள் ஊர்ப்பக்கம் வேறொரு செய்தி. புதுக்கோட்டை நகரத்துக்குக் கிழக்கே பொற்பனைக்கோட்டையில் தொல்லியல் துறை தோண்டிக்கொண்டிருந்தது. சங்ககாலக் கோட்டை இருந்த இடம். அங்கே ஒரு பனைமரம் பொன் காய் காய்த்தது என்று பெயருக்குக் கதை சொல்வார்கள். அகழாய்வில் ஒரு பொன் மூக்குத்தி கிடைத்தது, கால் கிராம் எடைதான் இருக்கும். கூடவே எலும்பில் செய்த ஒரு கூர்முனை. ஒரு சூதுபவள மணி. நாளிதழ்கள் மூக்குத்திப் படத்தைப் பெரிதாகப் போட்டன. பொன் இல்லாத பொற்பனைக்கோட்டை எப்படி இருக்கும், நானும் அதைத்தான் முதலில் பார்த்தேன். அப்புறம் மற்ற இரண்டையும் பார்த்தேன். எலும்பில் கால்சியம். சூதுபவளம் என்பது சிலிக்கானும் ஆக்சிஜனும், சிவப்புக்குக் கொஞ்சம் இரும்பு. ஏடி2018கேஇசட்ஆரின் நிறமாலையில் வாசித்தவற்றில் மூன்று, யாரோ ஒரு பெண்ணின் கழுத்தில் கோக்கப்பட்டிருந்த மணியில்.

எங்களுக்கு இன்னும் பக்கத்திலேயே, கருக்காக்குறிச்சியில், 1898இல் ஒரு பானை நிறைய ரோமானியத் தங்கக் காசு கிடைத்தது. 501 காசு. பெரும்பாலானவற்றில் பேரரசர் முகத்தின் மேல் உளியால் ஒரு வெட்டு. இங்கே இது காசாகச் செல்லாது, எடைக்குத்தான் மதிப்பு என்று யாரோ அடித்த வெட்டு அது என்பது ஒரு கருத்து. எனக்கு அந்த உளிக்காரரைப் பிடிக்கும். தங்கத்தைத் தங்கமாக மட்டும் பார்த்தவர்.

போன வருடம் தோப்பு காய்க்கத் தொடங்கியது. நெட்டைக் கன்று, ஆறாம் வருடம் முதல் பாளை. வெட்டுக்கு வந்த பணத்தையும் சித்தப்பா அனுப்பியதையும் போட்டு அம்மா 11 பவுனையும் மீட்டுவிட்டார். மீட்ட மறுவாரமே மாமா ஒரு ஜாதகத்தோடு வந்தார். மாப்பிள்ளை நல்ல பையன்தான், ஓசூரில் வேலை. என் கையிலோ வடக்கே ஓர் ஆய்வு நிலையத்தில் இருந்து வந்த கடிதம் இருந்தது. திட்ட உதவியாளர், சம்பளம் குறைவு, பிறகு பிஎச்.டி.க்கு வழி இருக்கலாம். வேலை என்னவென்றால் வந்துபோகிறவற்றைச் சலிப்பது. சிலியில் ரூபின் ஆய்வகத்தின் முதல் படங்கள் 2025 ஜூனில் வெளியாகிவிட்டன. அது முழுவீச்சில் ஓடினால் ஓர் இரவுக்கு ஒரு கோடி அறிவிப்புகள் வரை வரும் என்கிறார்கள். பத்து வருடம். அதில் எங்கோ ஏடி2018கேஇசட்ஆரின் தங்கைகள் இருப்பார்கள், முதல் ஒன்றரை நாளுக்குள் கண்டுபிடித்தால்தான் உண்டு.

மாமா போன பிறகு வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. ராத்திரி நான் களத்துக்குப் போனேன். சித்திரை மாதம், தெற்கே தென்னைக்கு மேலே தென்சிலுவை ஏறி நின்றது. நம் அட்சரேகையில் அது அடிவானத்தில் தாழ்வாகத்தான் வரும். அதற்கும் கீழே, ஈ என்ற சின்ன விண்மீன் குழு இருக்கிற திசையில், கண்ணுக்குத் தெரியாத ஒரு ஜோடி இருக்கிறது. பிஎஸ்ஆர் ஜே1141−6545. ஒரு நியூட்ரான் நட்சத்திரம், ஒரு வெண்குறுமீன், 4 மணி 45 நிமிடத்துக்கு ஒரு சுற்று. வேகமாகச் சுழலும் வெண்குறுமீன் தன்னைச் சுற்றியுள்ள காலவெளியையே இழுத்துச் சுழற்றுகிறது என்பதை விவேக் வெங்கட்ராமன் கிருஷ்ணனும் கூட்டாளிகளும் 20 வருட அளவீடுகளை வைத்து இதில்தான் கண்டார்கள், 2020 ஜனவரியில் வெளிவந்தது. அப்பாவும் எழுந்து வந்து நின்றார். கையை நீட்டிக் காட்டினேன்.

"இதுவும் மோதுமா?"

"மோதும்பா. 60 கோடி வருசம் ஆகும்."

"அந்த டிசம்பர்ல வந்த வெளிச்சம்?"

"அது கெளம்பி 70 கோடி வருசம். அப்ப பூமியில எலும்புள்ள உசிரே கெடையாது."

அப்பா கொஞ்ச நேரம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். "தென்ன காய்க்க ஆறு வருசம். அதுக்கே எனக்குத் தாங்கல ஆத்தா" என்றார். பிறகு, "அங்க குளிராமே. உங்கம்மா கம்பளி வாங்கணும்னு கணக்குப் போட்டுக்கிட்டிருக்கா. எந்த மாசம் போகணும்?"

"ஜூலைப்பா."

"ஜூலைல இங்க வெட்டு இருக்கு" என்றார். "சரி, ஆள் வச்சுப் பாத்துக்கலாம்."